பேய்த்தீவு தேடி வந்த நால்வர்: மட்டக்களப்பு வாவியில் ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கமாக ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அதன் பெயரையும் பக்கத்து ஊரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஊரார் கேட்டுக்கொண்டது அது. கண்டல் மரங்கள் சுற்றி வளர்ந்து, நடுவில் கொஞ்சம் மேட்டு நிலம் உள்ள தீவு. குடியிருப்பு இல்லை. இரவில் தங்கினால் கண் போய்விடும், யாரோ இருமும் சத்தம் கேட்கும் என்று இரண்டு கதைகள் நெடுங்காலமாக உலவுகின்றன. சில வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் இந்த இரண்டையும் சேர்த்து, 'பேய்த்தீவு' என்று தலைப்பிட்டு இணையத்தில் போட்டுவிட்டார். அதைப் பார்த்துத்தான் அந்த நால்வரும் வந்தார்கள்.

ரொறன்ரோவில் வளர்ந்த அக்காவும் தம்பியும். பெற்றோர் மட்டக்களப்பார். கூடவே கொழும்பில் வேலை செய்யும் இரண்டு நண்பர்கள், அதில் ஒருவர் யாழ்ப்பாணத்துப் பையன். வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஊர்க்காரர்களோடு சேர்ந்து தோணியும் வீட்டுச் சாப்பாடும் ஒழுங்கு செய்து கொடுப்பது என் வேலை. அவர்கள் கேட்டது ஓர் இரவு. இருட்டில் படம் பிடிக்கும் கமெரா, ஒலிப்பதிவுக் கருவி, ட்ரோன் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள், கெட்ட எண்ணம் துளியும் இல்லை. இந்த நிகழ்வை விரிவாக எழுத அதுவே காரணம். கெட்ட எண்ணத்தோடு வருபவரைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஆசையோடு வருபவருக்கு என்ன சொல்வது என்பதுதான் சிக்கல்.

அவர்களுடைய பட்டியலில் மாந்தீவும் இருந்தது. அதற்கு உடனே முடியாது என்று சொன்னேன். மாந்தீவு இதே வாவிக்குள் இருக்கும் தீவு, தொழுநோயாளருக்கான மருத்துவமனை நீண்ட காலம் இயங்கிய இடம். 1901 இல் வந்த சட்டம் தொழுநோயாளரைப் பிரித்து வைக்கச் சொன்னது. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1980களின் தொடக்கத்தில்தான். இடைப்பட்ட காலத்தில் இப்படியான இடங்களுக்கு அனுப்பப்பட்ட பலரை வீட்டார் திரும்ப அழைக்கவில்லை. நோய் குணமான பிறகும் போவதற்கு வீடு இல்லாமல் அங்கேயே முதுமை அடைந்தவர்கள் இருந்தார்கள். அந்த மனிதர்கள் உயிரோடு இருந்தபோதே ஊர் அவர்களைக் கண்டு ஓடியது. இப்போது அந்த இடத்தில் கமெராவை வைத்துப் பயந்து காட்டுவது அதே ஓட்டத்தின் தொடர்ச்சி. இதைச் சொன்னதும் அக்கா அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து தானாகவே வெட்டிவிட்டாள்.

மற்றத் தீவைப் பற்றி அப்படி ஒரே சொல்லில் முடிவெடுக்க எனக்கு உரிமை இல்லை. அது ஊரின் தீவு.

வெளியே பேய்த்தீவு, உள்ளே என்ன?

அவர்கள் வெனிஸ் பக்கத்துப் பொவேலியாவைப் பற்றிய வீடியோக்களை நிறையப் பார்த்திருந்தார்கள். 1793 முதல் கப்பல்களில் நோயோடு வந்தவர்களைத் தனிமைப்படுத்திய தீவு அது. 1922 இல் அங்கே மருத்துவ இல்லம் ஒன்று தொடங்கி 1968 இல் மூடப்பட்டது. உலகம் முழுக்க அது ஆவிகளின் தீவு. வெனிஸ் வாசிகளுக்கோ அது கைவிடப்பட்ட சொந்த நிலம். 2014 இல் இத்தாலிய அரசு அதை நீண்ட குத்தகைக்கு ஏலம் விட்டபோது, ஊர் மக்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து பணம் திரட்டி எதிர்த்து நின்றார்கள். 2025 இல் தீவின் ஒரு பகுதியை ஆறு வருடங்களுக்குத் தங்கள் பொறுப்பில் எடுத்தார்கள், பூங்காவாக வைத்துக்கொள்வதற்கு. இந்தப் பின்பாதி எந்தப் பேய் வீடியோவிலும் வரவில்லை என்று தம்பி ஆச்சரியப்பட்டான்.

மெக்சிகோவின் சொச்சிமில்கோ கால்வாய்களில் உள்ள பொம்மைத் தீவு இன்னொரு உதாரணம். நீரில் மூழ்கிய ஒரு சிறுமியின் ஆவியை அமைதிப்படுத்த என்று ஹூலியான் சந்தானா என்பவர் பல வருடங்களாக மரங்களில் பொம்மைகளைக் கட்டித் தொங்கவிட்டார். 2001 இல் அவர் இறந்தார். அதன் பிறகு கூட்டம் பெருகி, பாதி வழியிலேயே பொம்மைகளைத் தொங்கவிட்ட போலித் தீவுகள் முளைத்துவிட்டன. ஒரு மனிதர் பல வருடங்களாகச் செய்த நேர்த்திக்கடன், கடைசியில் அலங்காரமாகிப் போனது. எங்கள் தீவுக்கும் அந்த வழி திறந்திருந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துப் பையன் வந்த அன்றே, "எங்களையும் பாயோட ஒட்டவைச்சிடுவீங்களோ?" என்று கேட்டான். மட்டக்களப்பார் மந்திரத்தால் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பது நாடறிந்த பேச்சு. அன்போடு சொல்பவர்களும் உண்டு, பயத்தோடு சொல்பவர்களும் உண்டு. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரு மாவட்டத்தையே மந்திர பூமி என்று தள்ளி நின்று பார்த்தால், அங்கே நடக்கும் கண்ணகி அம்மன் கோயில் சடங்கும், அதன் நிறைவான குளிர்த்தியும், தெய்வம் ஏறி ஆடும் தெய்வமாடலும் வெறும் வேடிக்கையாகிவிடும். இந்தத் தீவுக்கு நடந்தது சின்ன அளவில் அதேதான்.

விளங்காத சத்தம் எல்லாவற்றையும் இங்குள்ளவர்கள் பேயோடு சேர்ப்பதும் இல்லை. கல்லடிப் பாலத்தடியில் நிலவு நாளில் நீருக்குள்ளிருந்து வரும் இசையை யார் எழுப்புகிறார்கள் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. அதைப் பாடும் மீன் என்று சொல்லி, மீன்பாடும் தேன்நாடு என்று ஊருக்கே பட்டம் வைத்துக்கொண்டார்கள். ஆகவே, இந்த ஒரு தீவைப் பற்றி மட்டும் "இரவில் போகாதே" என்று ஊர் சொன்னால் அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன்.

யாரிடம் கேட்பது

அரச காணி என்ற அளவில் கிராம சேவகருக்கு ஆட்சேபனை இல்லை. ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும், அது அவர்களிடம் இல்லை, எனவே அது அங்கேயே முடிந்தது. ஆனால் கடதாசி அனுமதி வேறு, ஊர் அனுமதி வேறு. மீனவர் சங்கத் தலைவரிடம் போனேன். அவர் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடம் அனுப்பினார். தீவின் நடுமேட்டில் ஒரு மரத்தடியில் வைரவர் கல் இருக்கிறது. வலைக்குப் போகிறவர்கள் கற்பூரம் கொளுத்திக் கும்பிடுவார்கள், வருடத்தில் ஒருமுறை மடை வைத்துப் படைப்பார்கள்.

வண்ணக்கர் மறுக்கவில்லை. "வைகாசிச் சடங்கு முடியட்டும். பிறகு வரச் சொல்லுங்க. விடிய வந்து, வெயில் ஏறக்குள்ள திரும்பட்டும். இரா ஒண்ணா" என்றார். அன்று மச்சம், அதாவது மீன் இறைச்சி, சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, மரத்தடியில் செருப்பில்லாமல் போக வேண்டும், கல்லைப் படம் எடுக்கக் கூடாது, கொண்டுபோன பொலித்தீனையெல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும். அப்புறம், துடக்கு, அதாவது தீட்டு, உள்ளவர்கள் கரையிலேயே நிற்க வேண்டும்.

கடைசி நிபந்தனை கவனமாகக் கையாள வேண்டிய ஒன்று. நால்வரில் ஒருத்திதான் பெண். அவளிடம் மட்டும் போய் இதைச் சொன்னால் அவளைக் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பதாகிவிடும். துடக்கு என்பது வீட்டில் இழவு நடந்தவர்களுக்கும் உண்டு, ஆண்களுக்கும் உண்டு. அதனால் நால்வருக்கும் சேர்த்துச் சொன்னேன்: "மேட்டுக்கு ஏற விரும்பாதவர் யாரும் காரணம் சொல்லாமல் தோணியிலேயே இருக்கலாம்." அந்த விதியோடு அக்காவுக்கு உடன்பாடு இல்லை. அதை என்னிடம் வெளிப்படையாகவே சொன்னாள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்த விவாதத்தை விருந்தாளியாக வந்து ஒரு காலை நேரத்தில் நடத்தி முடிக்க முடியாது என்பதும் அவளுக்கு விளங்கியது. ஊர்ப் பெண்களே அதை வேறு விதமாகப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று நினைத்தபோது சங்கத் தலைவர் தயங்கினார். "எல்லாஞ் சரி. பெத்தாட்டயும் ஒரு வார்த்த கேளுங்க."

ஊரின் ஓரத்தில், வாவியைப் பார்த்த வீட்டில் இருக்கும் வயதான அம்மா அவர். எல்லோருக்கும் பெத்தா, அதாவது பாட்டி. நான் போய் விசயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போகட்டும் மனே. வந்து என்னட்டச் சாப்பிட்டுப் போகச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். ஏன் அவரிடம் கேட்க வேண்டும் என்று அன்று எனக்குச் சொல்லப்படவில்லை.

போன நாள்

கச்சான் என்ற வறண்ட மேல்காற்று வீசும் மாதம். காலையில் வாவி அசையாமல் கிடக்கும், மதியத்துக்குப் பிறகு காற்று கிளம்பினால் சின்னத் தோணிக்கு ஆபத்து. வாவி ஆழமில்லாதது என்று நம்பி இறங்குகிறவர்களைத்தான் அது ஏமாற்றும். சேறும் இருக்கிறது, முதலையும் இருக்கிறது. பொழுதுபட்டால் அந்தத் தீவில் நிற்காதே என்ற பேச்சுக்கு இவையே போதுமான காரணங்கள். மழைக்காலத்தில் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டும் நேரத்திலும் ஊரார் அங்கே ஏறுவதில்லை. ஆள் நடமாட்டத்தில் தாய்ப்பறவை எழும்பினால், காகம் வந்து முட்டையைக் கொத்திவிடும்.

தீவில் இறங்கும்போது தம்பி வழுக்காமல் இருக்க ஒரு கிளையைப் பிடிக்கப் போனான். தோணிக்கார அண்ணன் போட்ட சத்தத்தில் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். அது தில்லை மரம். கிளை முறிந்தால் வடியும் வெள்ளைப் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே கொஞ்ச நாளைக்குப் போய்விடும். விறகு வெட்டப் போய்க் கண் வீங்கித் திரும்பியவர்களை அண்ணன் நேரில் பார்த்திருக்கிறார். அந்தத் தீவின் கரை முழுக்கத் தில்லைதான். இருட்டில் தட்டுத்தடுமாறி அதற்குள் நடக்கிறவர் கதி என்னவாகும் என்று யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

கொழும்பு நண்பர் உற்சாகமாகிவிட்டார். "அப்ப கண் போகும் எண்டது இதுதான். பேய் எண்டு ஒண்டும் இல்ல" என்றார், கமெராவைப் பார்த்து. அண்ணன் தோணியைக் கட்டிக்கொண்டே, "அது மரம் தம்பி. வைரவர் வேற" என்றார். வாக்குவாதமாகச் சொல்லவில்லை, அடுத்த கிளையைக் காட்டுவது போலவே சொன்னார்.

எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்தது. தில்லைப் பாலைப் பற்றி ஊருக்குத் தெரியாது, நாங்கள் வந்து கண்டுபிடித்தோம் என்று வெளியாட்கள் நினைப்பது பெரிய தவறு. அந்த அறிவு அவர்களுடையது. சின்னப் பிள்ளைக்கு மரத்தின் குணத்தைச் சொன்னால் மறந்துவிடும், கண் போகும் தீவு என்றால் மறக்காது. ஆனால் வைரவரைப் பயம் காட்டுவதற்காக மட்டும் வைத்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வலைக்குப் போகிறவர் நிற்கும் இடம் அது.

மேட்டில் அண்ணன் கற்பூரம் கொளுத்தினார். மூவர் ஏறினார்கள், ஒருவர் தோணியில் இருந்தார். யார் என்று எழுதத் தேவையில்லை. கமெராக்கள் பையில் இருந்தன. பிறகு மரநிழலில் இருந்து ஒலிப்பதிவு செய்தார்கள். பகலில் கண்டலுக்குள் அடைந்திருந்த வக்காக்கள் எங்கள் அரவம் கேட்டுக் கத்தின. இராக்கொக்கு என்றும் சொல்வார்கள், இரவில் இரை தேடும் பறவை. குவாக் என்று ஒற்றைச் சத்தம், தொண்டையைச் செருமுவது போல. பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இணையத்தில் போட்டிருந்த 'இருமல்' அதேதான்.

பெத்தா சொன்னது

வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டோம். பெத்தா வீட்டில் சோறு, பருப்பு, முருங்கையிலைச் சுண்டல், தயிர். சாப்பிட்டு முடியும்வரை அவர் எதுவும் பேசவில்லை. பிறகு அக்காவின் பக்கத்தில் வந்து இருந்தார். "என்ன கேட்டீங்க அங்க?"

பிள்ளைகள் தடுமாறினார்கள். அவரே தொடர்ந்தார். அவருடைய தம்பி வாவியில் வீச்சுவலை போடுகிறவர். சின்ன வயதிலிருந்தே தொய்வு (ஆஸ்துமா), இரவில் இருமிக்கொண்டுதான் தோணி ஊன்றுவார். அந்தச் சத்தத்தை வைத்தே இன்னார் போகிறார் என்று கரையில் உள்ளவர்கள் சொல்வார்களாம். 1990 இல் ஒருநாள் வலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. தோணி மட்டும் அந்தத் தீவோரத்தில் நின்றது.

1990 மட்டக்களப்பில் எப்படிப்பட்ட வருடம் என்று வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஜூனில் போர் மறுபடி மூண்டது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேரைச் செப்டம்பர் 5 அன்று இராணுவத்தினர் கொண்டுபோனார்கள், யாரும் திரும்பவில்லை. அந்த மாதங்களில் மட்டக்களப்பில் ஆளில்லாத வீடுகளும் உடல் கிடைக்காத இழவுகளும் பெருகின. பெத்தாவின் தம்பிக்கு என்ன நடந்தது என்று அவருக்கு இன்றும் தெரியாது. உடல் இல்லை, அதனால் எட்டாம் நாள் சடங்கும் இல்லை, முப்பத்தொன்றும் இல்லை.

"பேயெண்டு சொல்றாங்களாம் போனுல. பேயில்ல மனே. என்ட தம்பி."

தம்பிப் பையனுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போல இருந்திருக்கிறது. "பெத்தா, அது ஒரு பறவை..." என்று தொடங்கினான். அவர் சிரித்தார். "வக்கா கத்துறது எனக்குத் தெரியாதா? வாவிக்கரையில பிறந்தவள் நான். அது வக்காதான். எனக்கு அதுக்குள்ள அவன் இருக்கான்."

இதற்குப் பிறகு ஆவி உண்டா இல்லையா என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. இந்த ஆய்வில் நான் சொல்ல விரும்புவது முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. போரும் 2004 டிசம்பர் 26 இன் கடல்கோளும் கடந்துபோன ஒரு கரையில், நாவலடி போன்ற ஊர்களில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் போன ஒரு மாவட்டத்தில், பேய்க்கதை ஒன்றைக் கேட்டால் முதலில் விசாரிக்க வேண்டியது அது யாருடைய ஆள் என்பதைத்தான். பெரும்பாலும் அந்த ஆளுக்கு ஒரு அக்காவோ மகளோ கூப்பிடு தூரத்தில் உயிரோடு இருப்பார். அவர் சம்மதித்தாரா என்பது கிராம சேவகரின் சம்மதத்தைவிடப் பெரியது. சங்கத் தலைவர் அன்று தயங்கியதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊர் தன் விதிகளைத் தெளிவாகச் சொல்லிவிடும், தன் துக்கத்தை அவ்வளவு எளிதில் சொல்லாது. அதற்கு ஒரு ஆளிடம் அனுப்பிவைக்கும்.

பிறகு

அவர்கள் ஒரு வீடியோ போட்டார்கள். தில்லை மரம், கண்டல், காலை வாவி, அண்ணன் தோணி ஊன்றும் விதம் எல்லாம் அதில் வந்தன. தீவின் பெயர் இல்லை, கல் இல்லை, இருமல் இல்லை, தலைப்பில் பேய் இல்லை. இருமலை விடுவதா சேர்ப்பதா என்று அவர்களுக்குள் கடும் வாதம் நடந்ததாக அக்கா எழுதியிருந்தாள். பறவைச் சத்தத்தைக் காட்டி ஒரு பொய்யை உடைப்பது நல்லதுதானே என்பது கொழும்பு நண்பரின் கட்சி. நியாயமான கேள்வி. ஆனால் அதை உடைக்கும் வீடியோவும் தேடலில் பேய்த்தீவு என்றுதான் வரும், அடுத்த கூட்டம் அதை வைத்தே வரும். இருந்தும் அவர் இன்றுவரை முழுதாகச் சமாதானமாகவில்லை.

ஊருக்குள்ளும் ஒரே குரல் இல்லை. சங்கக் கூட்டத்தில் ஒரு இளம் மீனவர் எழும்பி நேராகவே கேட்டார்: "மீன் குறைஞ்சு போச்சு. ஒரு இரவுக்கு அவங்க தரத் தயாரா இருந்த காசு எனக்கு ஒரு மாத உழைப்பு. பேய் எங்களுக்குச் சோறு போட்டா என்ன பிழை?" யாரும் அவரை அதட்டவில்லை, அதட்டவும் முடியாது. பண்பாட்டை மதிக்கச் சொல்லும் நாங்கள், அந்தப் பண்பாட்டைச் சுமப்பவர்களின் அடுப்பைப் பற்றிப் பேசாமல் போனால் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. வெளியூர் நிறுவனம் ஒன்று இரவுப் பயணம் நடத்தத் தயாராக இருப்பதையும் அவர் சொன்னார். அப்படி வந்தால் காசும் வெளியே போகும், கட்டுப்பாடும் கையை விட்டுப் போகும் என்று மூத்தவர்கள் சொன்னது சரியானது.

நீண்ட பேச்சுக்குப் பிறகு சங்கம் ஒரு வழி கண்டது. மழையில்லாத மாதங்களில், நிலவு நாட்களில், தீவைத் தொடாமல் வாவிக்குள் இரவுத் தோணி போகும். இஞ்சினை நிறுத்திவிட்டு, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துப் பாடும் மீனைக் கேட்கலாம். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை, இங்குள்ளவர்கள் காலங்காலமாகக் கேட்ட முறைதான். கேட்காமல் திரும்பும் இரவுகளும் உண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். கட்டணத்தில் ஒரு பங்கு சங்க நிதிக்கும் ஒரு பங்கு மடைச் செலவுக்கும் போகிறது. அந்த இளம் மீனவர்தான் இப்போது முதல் தோணி ஓட்டுகிறார். வருமானம் போதாது என்று அவர் சொல்வதும் உண்மை. விலையை உயர்த்துவதா, நாட்களைக் கூட்டுவதா என்று அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும்.

தீவுக்குப் பகலில் போவது வண்ணக்கர் சொன்ன அதே நிபந்தனைகளோடு தொடர்கிறது. துறையடியில் ஒரு பலகை வைத்து அவற்றை எழுதிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பலகையே ஆட்களைக் கூட்டிவரும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நான் இரண்டாவது பக்கம். கேட்டு வருகிறவருக்கு வாயால் சொல்லலாம், கேட்காமல் வருகிறவர் பலகையைப் படிக்கப் போவதும் இல்லை. இதைப் பெத்தாவிடமும் கேட்டார்கள். பலகை வைப்பதென்றால் வையுங்கள், தம்பியின் கதையை மட்டும் அதில் எழுத வேண்டாம், கேட்க வேண்டியவர்கள் தன்னிடம் வரட்டும் என்றார்.